ஏழாம் சுற்றில் அவன் ஏன் என்னைப் பார்த்தான்

ஜூன் 24, சனி

கல்யாண மாப்பிள்ளை மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட மாட்டார். ஓடினாலும் அது பெண்வீட்டார் கவலை, என் கவலை இல்லை. பத்தொன்பது வருடமாக நான் எடுத்ததெல்லாம் நிற்கிற ஆட்கள், உட்கார்ந்திருக்கிற ஆட்கள், 'கொஞ்சம் சிரிங்க' என்றால் பல்லைக் காட்டுகிற ஆட்கள். இப்போது பைக் ரேஸ் எடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். நாற்பத்துநாலு வயதில் இது தேவையா தமயந்தி என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தேவைதான் என்று பதில் வந்தது.

விஷயம் இதுதான். போன மாதம் நான் எடுத்த கல்யாணத்தில் பெண்ணின் அப்பா ரங்கமன்னார், ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் தடத்தில் பந்தய அதிகாரி. ஆல்பம் வாங்க சிங்காநல்லூர் ஸ்டுடியோவுக்கு வந்தவர், தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் விரல் நடுங்குகிற படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, ரேஸ் எடுப்பீங்களா?" என்றார். "எடுப்பனுங்க" என்றேன். வாய் முந்திக்கொண்டது. ஜூலை எட்டு, ஒன்பதில் முதல் ரவுண்டு. அதற்கு எனக்கு ஒரு தற்காலிக பாஸ். படம் பிடித்திருந்தால் வருடம் முழுக்கத் தடத்தின் ஓரத்தில் நின்று எடுக்க பாஸ் தருவார்களாம். இந்த மாவட்டத்தில் எந்தப் பெண்ணிடமும் அது இல்லையாம்!

இன்று மொட்டை மாடியில் நின்று திருச்சி ரோட்டில் போகிற டவுன் பஸ்களை எடுத்துப் பழகினேன். இருபத்தாறு பஸ். எல்லாம் பளிச்சென்று, நெற்றியில் எழுதிய ஊர்ப்பெயர்கூடப் படிக்கும்படி. என் வீட்டுக்காரர் லோகநாதன் பம்ப் கம்பெனியில் ஃபோர்மேன். எதையும் அளந்து பார்க்காமல் பாராட்ட மாட்டார். படங்களைப் பார்த்தார்.

"ஏனம்மிணி, டிப்போவுக்குப் போயி எடுத்தியா?"

கோபம் வந்தது. ஆனால் உண்மை. ஒரு பஸ்ஸும் ஓடவில்லை. எல்லாம் நடுரோட்டில் நிறுத்திவைத்த மாதிரி இருந்தன. ஏன் அப்படி?

ஜூன் 28, புதன்

கேமரா ரிப்பேர் கடையில் ஆல்வினைப் பார்த்தேன். போத்தனூர்க்காரன், முப்பத்தொரு வயது, எட்டு வருடமாக ரேஸ் எடுக்கிறான். வாய் ஜாஸ்தி. என் பஸ் படங்களைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா, ஓடற வண்டி ஓடுதுன்னு எதைப் பாத்துத் தெரியும்? சக்கரம் சுத்துது, பின்னாடி மரம் ஓடுது. நீங்க ஷட்டர ஒரு செகண்டுல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு நேரந்தான் தொறந்து ரெண்டையும் புடிச்சுக் கட்டிப் போட்டுட்டீங்க. நூத்தி இருவத்தஞ்சுல ஒண்ணுக்கு வாங்க. வண்டி கூடவே கேமராவையும் ஓட்டுங்க. வண்டி நிக்கும், ஊரு ஓடும்."

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். வண்டியும் ஓடியது, ஊரும் ஓடியது, எதுவுமே நிற்கவில்லை. முப்பது படத்திலும் சாயம்போன சேலை மாதிரிக் கோடு கோடாக ஒரு பஸ்.

ஜூலை 2, ஞாயிறு

இருநூற்றுப் பன்னிரண்டு படம். தேறியது மூன்று. அதில் ஒன்று நாய்.

ஜூலை 4, செவ்வாய்

இன்று ஒரு விஷயம் பிடிபட்டது. நான் வண்டி வருகிற பக்கம் பார்த்துக் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தேன். அது என்னைக் கடக்கும்போது இடுப்பு திரும்ப வழியில்லாமல் முறுக்கிக்கொள்கிறது; அந்த நேரத்தில்தான் பொத்தானை அழுத்துகிறேன். எப்படி வரும்? காலை எங்கே அழுத்தப்போகிறேனோ அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, இடுப்பை மட்டும் பின்னால் திருப்பி வண்டியைப் பிடிக்க வேண்டும். அது வர வர உடம்பு தானாகவே அவிழ்ந்து நேராகிறது. இன்னொன்று: 'டிக்' என்றதும் கை நின்றுவிடக் கூடாது. அழுத்திய பிறகும் வண்டியின் கூடவே போக வேண்டும். நான் எடுத்தாயிற்று என்று அந்த இடத்திலேயே நிறுத்தினேன். பாதிப் படம் அதில்தான் கெட்டது.

ஒரு கண்ணால் கேமராவுக்குள் பார்த்தாலும் இன்னொரு கண்ணை மூடக் கூடாது. அடுத்து என்ன வருகிறது என்று அதுதான் பார்க்க வேண்டும். முதலில் தலை சுற்றியது. இப்போது சாம்பார் தாளிக்கும்போதுகூட இரண்டு கண்ணும் தனித்தனியாக வேலை செய்கிற மாதிரி இருக்கிறது.

ஆல்வின் போனில் ஒரு நல்ல பழக்கம் சொன்னான். வண்டி வருவதற்கு முன் கேமராவை வெறுமனே ஒன்றிரண்டு முறை அந்தப் பாதையில் வீசிப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பந்து வருமுன் பேட்டை வீசிப் பார்க்கிறார்களே, அதுபோல. வெறும் வீச்சு என்று பெயர் வைத்திருக்கிறேன். அது வந்தபிறகு பத்துக்கு மூன்று தேறுகிறது.

ஜூலை 6, வியாழன்

பையைக் கட்டினேன். நீள லென்ஸ், அதைத் தாங்க ஒற்றைக்கால் ஸ்டாண்டு, பேட்டரி நான்கு, கார்டு ஆறு. கார்டு நிரம்பும்வரை காத்திருக்கக் கூடாது. கடைசிச் சுற்றில் நிரம்பினால் ஜெயித்தவன் முகம் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் புதுக் கார்டு. அங்கே புழுதியில் லென்ஸைக் கழற்றவே கூடாது. கேமராவுக்கு மழைக்கோட்டு கேட்டேன். மூன்று கடையிலும் இல்லை. லோகநாதன், "சாரல் அடிக்கற மாசம், பாத்துக்கோ" என்றார். பார்த்துக்கலாம் என்றேன்.

ஜூலை 8, சனி

இன்று பயிற்சி ஓட்டம். காலை ஏழு மணிக்கே போட்டோகிராபர்களை வரிசையாக நிறுத்தி ரங்கமன்னார் விதிகளைச் சொன்னார். தடத்துக்கு முதுகு காட்டக் கூடாது. உட்காரக் கூடாது. எந்த நேரத்திலும் எந்தப் பக்கம் ஓடுவோம் என்று யோசித்து வைத்திருக்க வேண்டும். ஃபிளாஷ் கூடவே கூடாது. கொடியில் உள்ள நிறம் எதுவும் உடுப்பில் இருக்கக் கூடாது, முக்கியமாக மஞ்சளும் சிவப்பும்.

"மஞ்சள் அசைஞ்சா முன்னாடி ஆபத்து, வேகத்தைக் குறைன்னு அர்த்தம். சிவப்புன்னா பந்தயமே நின்னுச்சு. அவங்க நூத்தைம்பதுல வர்றப்ப அது கொடியா உங்க துப்பட்டாவான்னு யோசிச்சுட்டு இருக்க மாட்டாங்க."

என் துப்பட்டாவில் மஞ்சள் கரை! ஓடிப்போய்க் காரில் வைத்துவிட்டு வந்தேன். ஆரஞ்சு மேல்கோட்டு கொடுத்தார்கள், எல்லாப் போட்டோகிராபருக்கும் ஒரே மாதிரி. கழுத்துச் செயினில் கோத்திருக்கும் மஞ்சள் கயிற்றைக்கூட உள்ளே தள்ளிவிட்டு மேலே பட்டனைப் போட்டேன். ஆல்வின், "அக்கா ரொம்பத்தான் சுத்தம்" என்று கிண்டலடித்தான். விதி என்றால் விதிதான்.

வண்டிகள் நிற்கும் கொட்டகையில் முப்பத்தெட்டாம் எண் ஓட்டுகிற பையனோடு பேசினேன். பையன் என்ன பையன், இருபத்தாறு வயது. நவநீதன், சூலூர். வாரநாளில் லேத் ஆப்பரேட்டர். ஆறு வருடம் சொந்த வண்டியில் ஓட்டி, இந்த வருடம்தான் ஒரு டீம் அவனை எடுத்திருக்கிறது. வண்டி, டயர், மெக்கானிக் எல்லாம் அவர்களுடையது. ஒரே வருடம், நன்றாக ஓட்டினால் அடுத்த வருடமும்.

"வளைவுல எங்கப்பா பாப்பே?" என்று கேட்டேன். ஆர்வம்தான்.

"போற எடத்தப் பாப்பனுங்க்கா. நாம பாக்கற பக்கந்தான் வண்டி போகும். சொவத்தப் பாத்தம்னா சொவத்துக்குத்தான் போகும்."

"என்னையப் பாத்தா?"

"உங்க மேலதானுங்க்கா வருவேன்" என்று சிரித்தான்.

ஜூலை 9, ஞாயிறு, மாலை

முதலில் நல்லதை எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு சுற்றுப் பந்தயம். மூன்றாம் வளைவின் உட்புறம், தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்றேன். பத்தடி தள்ளிக் கொடிக்காரரின் மேடை. முதல் மூன்று சுற்றும் ஐந்நூற்றில் ஒன்று. எது போனாலும் நான்கு படமாவது கையில் இருக்கட்டும் என்று. பிறகு நூற்றிருபத்தைந்து. நவநீதன் ஐந்தாவது சுற்றில் முதலிடத்துக்கு வந்தான். அவனுக்குப் பின்னாலேயே பதினொன்றாம் எண், சம்பத்.

ஆறாவது சுற்றில் தூறல். பாலிதீன் கவரைக் கேமராவுக்குப் போட்டால் அது காற்றில் படபடவென்று அடித்துக் கண்ணை மறைத்தது. அதன்மேல் சாப்பாடு கொண்டுவந்த மஞ்சப்பையைக் கவிழ்த்து, அடியில் கிழித்து லென்ஸை நுழைத்து, ரப்பர் பேண்டு போட்டேன். கச்சிதமாக இருந்தது. வெளிச்சம் குறைந்துவிட்டதால் துணிந்து அறுபதில் ஒன்றுக்கு இறங்கினேன். அந்த மெதுவில் இதுவரை எனக்கு ஒன்றுகூடத் தேறியதில்லை. ஏழாவது சுற்று. வண்டிச் சத்தம் கேட்டது. வெறும் வீச்சு ஒன்று, இரண்டு. பிறகு அவனைப் பிடித்தேன். கூடவே திரும்பினேன். அழுத்தினேன், கை நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது.

வந்துவிட்டது. திரையைப் பார்க்காமலே தெரிந்தது.

அதன் பிறகு சத்தம். நவநீதன் ஏனோ திடீரென்று வேகத்தைக் குறைத்தான். பின்னால் ஒட்டி வந்த சம்பத் அவன் மேல் மோதினான். இருவரும் வழுக்கிக்கொண்டு போனார்கள். கொடிக்காரர் மஞ்சளை ஆட்டினார், பிறகு சிவப்பு. நவநீதன் எழுந்துவிட்டான். சம்பத்துக்குத் தோள்பட்டைக்குப் பக்கத்துக் காறை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, கடவுளே.

நான் கேமராவை அவிழ்த்து, துணியையெல்லாம் சுருட்டிப் பையின் அடியில் போட்டேன். தூறல் நிற்கவில்லை.

கொட்டகைப் பக்கம் போனபோது நவநீதன் கத்திக்கொண்டிருந்தான். "மஞ்சக்கொடி ஆட்னாங்க சார், அதனாலதான் கொறச்சேன்!" கொடிக்காரர், "நாங் கொடியவே தொடலீங்க, மோதுனதுக்கு அப்பறந்தான் எடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்குத் தலைவலி. கிளம்பி வந்துவிட்டேன்.

ஜூலை 10, திங்கள்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டுமுறை பார்த்திருப்பேன். பின்னணி முழுக்கப் பச்சையும் சாம்பலுமாக இழுபட்ட கோடுகள். சக்கரம் வெறும் வட்டம். நடுவில் நவநீதன், கத்தியால் வெட்டியெடுத்த மாதிரி. ஹெல்மெட்டின் கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் தெரிகின்றன. நேராக என்னையே பார்க்கிறான்.

ஆல்வினுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"அக்கா, எட்டு வருசத்துல ஒருத்தங்கூட என் லென்ஸப் பாத்ததில்லக்கா! எப்புடிக்கா பாக்க வெச்சீங்க?"

"நானென்ன கூப்பிட்டனா? பாத்தான்."

ரங்கமன்னாரும் பேசினார். அடுத்த ரவுண்டு இருபத்துமூன்றாம் தேதி. இந்தப் படத்தையே போஸ்டராகப் போடலாமா என்று கேட்டார். வருட பாஸ் கிட்டத்தட்ட உறுதியாம். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பிறகு அவரே சொன்னார்: நவநீதன்மேல் சம்பத் புகார் கொடுத்திருக்கிறானாம். காரணமில்லாமல் பின்னால் வருபவன் வழியில் வேகத்தைக் குறைத்தது பெரிய குற்றம். பத்தொன்பதாம் தேதி விசாரணை. நிரூபணமானால் ஒரு வருடத் தடை.

"நல்ல பையன்தான். ஆனா இல்லாத கொடியப் பாத்தேங்கறானே, அதுதாம்மா வருத்தமா இருக்கு" என்றார்.

ஒரு வருடத் தடை என்றால் டீம் போயிற்று. ஆறு வருடம் உழைத்து வந்தவன்.

ஜூலை 11, செவ்வாய்

துணி துவைத்தேன். மஞ்சப்பையின் அடியில் இருந்த ஓட்டையைத் தைத்தேன். கல்யாண ஆல்பம் இரண்டு பாக்கி. கறிவேப்பிலை வாங்க வேண்டும்.

ஜூலை 13, வியாழன்

அவன் ஏன் என்னைப் பார்த்தான்? போகிற இடத்தைப் பார்ப்பேன் என்று அவனே சொன்னானே!

அந்த ஒரு வீச்சில் பதினான்கு படம் இருக்கிறது. வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று: கண் வளைவில். நான்கு: தலை திரும்புகிறது. ஐந்து: என்னைப் பார்க்கிறான். இதுதான் போஸ்டர் படம். ஆறு: வலது மணிக்கட்டு மேலே எழும்புகிறது, ஆக்ஸிலரேட்டரை விடுகிறான். ஏழு: இரண்டு விரல் பிரேக்கில். எட்டில் அவனுக்குப் பின்னால் சம்பத்தின் முன்சக்கரம்.

முதலில் பார்த்தான், பிறகு குறைத்தான். அப்படியானால் பார்த்தது எதையோ கண்டுதான். எதை? ஆரஞ்சுக் கோட்டு என்றால் எல்லோரும் போட்டிருந்தோம். லென்ஸ் கண்ணாடி பளபளத்ததா? தூறலில் ஏது வெயில்? கண்ணில் பூச்சி என்றால் கண்ணை மூடியிருப்பான்; திறந்துதான் இருக்கிறது. நான் அசைந்தேனா? அசையாமல் எப்படி எடுப்பது?

நடுவில் ஆல்வின் போன் செய்தான். சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன். எழுபது சதவீதம் இருந்தது.

ஜூலை 15, சனி

ஆல்வின் வீட்டுக்கே வந்துவிட்டான். நவநீதனின் வண்டியில் டீம் இன்னொருத்தனை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறதாம். விசாரணை முடியட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை.

"அவங்கப்பாவே, 'பொய் சொல்லாம தப்ப ஒத்துக்கடா'ன்னுட்டாராம்க்கா. பாவமா இருக்கு."

காபி கொடுத்தேன். அவன் போன பிறகு நான் சாப்பிடாமல் தட்டை எடுத்து வைப்பதை லோகநாதன் கவனித்தார்.

"அம்மிணி, அன்னைக்குத் தூறல் போட்டுதே, கேமராவுக்கு என்னத்தப் போட்டே?"

"எதையோ போட்டேன்! கேமரா நனையலையில்ல? உங்களுக்கென்ன வந்துச்சு?" என்று கத்தினேன். அவர் ஆணியில் தொங்கிய மஞ்சப்பையை எடுத்து, அடியில் புதுத் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார். அளந்து பார்க்கிற புத்தி! பாழாய்ப்போன புத்தி.

ஜூலை 16, ஞாயிறு

காலையில் தையலைப் பிரித்தேன். இருவரும் ஸ்கூட்டரில் ஊருக்கு வெளியே, வீடு கட்டாத மனைப்பிரிவுக்குப் போனோம். நேரான தார் ரோடு, ஆள் நடமாட்டம் இல்லை. லோகநாதனை ஓரத்தில் நிறுத்தி, கேமராவுக்குப் பையை மாட்டி, நான் செய்கிற மாதிரியே இரண்டு வெறும் வீச்சு வீசச் சொன்னேன். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தூரத்திலிருந்து வந்தேன்.

வெறும் ஐம்பது கிலோமீட்டர் வேகம். அங்கே இருப்பது பைதான் என்று எனக்குத் தெரியும். அதைக் கிழித்தவள் நான், மாட்டியவள் நான், ஆட்டுகிறவர் என் புருஷன். லென்ஸ் தெரியவில்லை, மனிதர் தெரியவில்லை, ஒரு மஞ்சள் மட்டும் இடமிருந்து வலமாக ஆடியது. பையின் இரண்டு காதும் காற்றில் அடித்துக்கொண்டன. என் தலை தானாகத் திரும்பியது. என் கை தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டது.

மறுபடி போய் வந்தேன். இந்த முறை விடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். விட்டுவிட்டேன்.

கயிற்றை உள்ளே தள்ளி, துப்பட்டாவைக் காரில் வைத்தேன். பையை ஒரு நிறமாகவே நினைக்கவில்லை. அது சாப்பாடு கொண்டுபோகிற பை. வண்டி வரவர அதைப் பிடித்துக்கொண்டு, கொடிக்காரருக்குப் பத்தடி பக்கத்தில் நின்று, கற்ற வித்தையையெல்லாம் காட்டி இரண்டுமுறை ஆட்டியிருக்கிறேன்.

லோகநாதன் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 18, செவ்வாய்

போஸ்டர் அச்சுக்குப் போகிறது, சரிபார்க்க அனுப்புகிறேன் என்று ரங்கமன்னார் செய்தி அனுப்பியிருந்தார். அவரைக் கூப்பிட மூன்றுமுறை போனை எடுத்தேன். மூன்றுமுறையும் வைத்துவிட்டேன். வருட பாஸை நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அதைத்தான் நினைத்தேன்.

ஜூலை 19, புதன்

பத்து மணிக்கு விசாரணை. தடத்தின் அலுவலகத்தில் ஒரு நீள மேசை. ரங்கமன்னாரும் இன்னும் இரண்டு அதிகாரிகளும். ஒரு பக்கம் சம்பத், கையைக் கட்டுத் துணியில் கழுத்தோடு தொங்கவிட்டுக்கொண்டு. மறுபக்கம் நவநீதன் தனியாக. டீமிலிருந்து யாரும் வரவில்லை. எனக்கு அங்கே அழைப்பு இல்லை. கதவைத் தட்டிவிட்டுப் போய் நின்றேன்.

"போஸ்டர் விஷயம் அப்புறம் பேசலாம்மா" என்றார் ரங்கமன்னார்.

"போஸ்டருக்கு வரலீங்க. அந்தப் பையன் மஞ்சளப் பாத்தது நெசந்தானுங்க. ஆட்டுனது நான்."

பதினான்கு படங்களையும் மேசையில் வரிசையாக அடுக்கினேன். கண் எங்கே திரும்புகிறது, மணிக்கட்டு எங்கே எழும்புகிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். ஒரு அதிகாரி, "ஒரு கைப்பை எப்புடிங்க கொடியாட்டம் தெரியும்?" என்று கேட்டார். பையை எடுத்துக் கேமராவுக்கு மாட்டி, அறையின் கோடியில் நின்று, காலை ஊன்றி, இரண்டு வெறும் வீச்சு வீசினேன். அவர் போதும் என்று கையைக் காட்டினார்.

சம்பத் மட்டும் பேசினான். "அப்ப என்ற எலும்புக்கு யாருங்க பதில்?"

"நான்தானுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

எங்களை வெளியே அனுப்பிவிட்டு அரைமணி நேரத்தில் கூப்பிட்டார்கள். நவநீதன்மேல் புகார் தள்ளுபடி. இருபத்துமூன்றாம் தேதி அவன் ஓட்டலாம். டீமுக்கு ரங்கமன்னாரே போன் செய்தார். எனக்கு இந்த வருடமும் அடுத்த வருடமும் தடத்துக்குள் கேமராவோடு அனுமதி இல்லை. போஸ்டர் ரத்து. எல்லாம் நியாயம்தான்; கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் நவநீதன் நின்றிருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. கண்ணாஸ்பத்திரி பெயர் போட்டிருந்தது.

"என்னப்பா இது?"

"கண்ணு டெஸ்ட் பண்ணுனதுங்க்கா. நெறம் சரியாத் தெரியுதான்னு பாத்தாங்க. எல்லாரும் கொடியே இல்லைங்கறப்போ, எனக்குத்தான் கண்ணுல என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனச்சேன். நல்லாத்தான் இருக்குதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அதையே காட்டலாம்னு எடுத்தாந்தேன்." உறையைத் திருப்பிப் பார்த்தான். "முந்தாநாள் நானே நம்ப ஆரம்பிச்சுட்டேங்க்கா, நான் பாக்கவே இல்லன்னு. இனி வண்டியே வேண்டாம்னு எங்கம்மாகிட்டச் சொல்லிட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று தலையாட்டினான். பிறகு கேட்டான்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க்கா?"

ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னால் பதினாறாம் தேதி என்று எடுத்துக்கொள்வான். ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தோம், அப்போதுதான் தெரிந்தது என்று சொன்னால் போதும். இந்த நோட்டுப் புத்தகத்திலும் நான் அப்படித்தானே எழுதிக்கொண்டு வருகிறேன்.

"அன்னைக்கேப்பா" என்றேன். "நீ கொட்டகையில கத்துனியே, மஞ்சக்கொடின்னு. அப்பவே தெரியும்."

அவன் என்னைப் பார்த்தான். போட்டோவில் பார்த்த மாதிரி இல்லை.

"பத்து நாளுங்க்கா" என்றான். உறையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

ஜூலை 23, ஞாயிறு

டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளர் படிக்கட்டில் இருந்து பார்த்தேன். போக வேண்டாம் என்று லோகநாதன் சொன்னார். பிறகு அவரும் வந்தார். கேமரா இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அங்கிருந்து மூன்றாம் வளைவு நன்றாகத் தெரிந்தது. முதல் சுற்றில் நவநீதன் நான்காவதாக வந்தான். வளைவுக்கு முன்னால், நான் அன்று நின்ற சுவரின் நேரே வந்ததும், அவன் தலை ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்பியது. வேகமும் இம்மியளவு குறைந்தது. பின்னால் வந்தவன் அந்த இடத்தில் அவனை முந்திக்கொண்டு போனான். அங்கே யாரும் இல்லை, வெறும் சுவர். இரண்டாவது சுற்றிலும் திரும்பியது. மூன்றாவதிலும். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. பின்னால் இருந்த ஒருத்தர், "முப்பத்தெட்டு ஏனுங்க அங்க வந்து பம்முது?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். நான் எழுந்து நின்றேன். உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். உட்காரவில்லை.

நாலு, அஞ்சு, ஆறு. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் திரும்பினான். ஏழாவதில் ரொம்ப நேரம் திரும்பியிருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. லோகநாதன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

எட்டாவது சுற்றில் அவன் வளைவை மட்டும் பார்த்துக்கொண்டு, கொஞ்சமும் குறைக்காமல் போனான்.

நான் உட்கார்ந்தேன்.